‘மண் தரம்’: பதிவேட்டில் நின்றுபோன ஓர் எண்ணின் கதை

வெளிமாநிலத்தில் குடியேறிவிட்ட நம்மில் அநேகருக்கு ஊரில் அரை ஏக்கரோ ஐந்து ஏக்கரோ நிலம் இன்னும் பாக்கி இருக்கிறது. பங்கு பிரிக்கும்போதோ, விற்கலாமா என்று பேச்சு எழும்போதோ பட்டாவையும் ‘ஏ’ பதிவேட்டின் நகலையும் தேடுகிறோம். முன்பெல்லாம் இதற்காகவே லீவு போட்டு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தில்லியில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம். புல எண், பரப்பு, பெயர் ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். அந்தத் தாளிலேயே ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டமும் ‘மண் தரம்’ என்று இன்னொரு கட்டமும் இருப்பதைக் கவனித்தவர்கள் சிலரே. முதல் கட்டத்தில் 7-2 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். அடுத்ததில் ஒற்றை எண்.

அந்த எண்களை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், இன்றைக்கும் அவை உண்மைதானா என்று கேட்டுக்கொண்டு போனால், நிலத்தின் விளைதிறனை வரைபடத்தில் பிடித்துவைக்க இந்த நாட்டில் நடந்த முயற்சிகளின் வரலாறே விரிகிறது. ஊரில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்டால், “மண்ணு முன்ன மாதிரி இல்லடா, அலுத்துப் போச்சு” என்கிறார். பதிவேடோ தாத்தா காலத்தில் இருந்த அதே எண்ணைக் காட்டுகிறது. இரண்டில் எதை நம்புவது?

மண்ணைத் தரம் பிரிப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் அல்ல. சங்க காலத்துக்கே மென்புலம், வன்புலம் என்ற பாகுபாடு உண்டு. ஆனால் அரசாங்கம் கணக்காக எழுதிவைத்தது என்றால் சோழர் காலத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலாம் இராசராசன் கி.பி. 1001 வாக்கில் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பும் சொல்லப்பட்டு, அதிலிருந்து நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழிக்கப்பட்டு, மிச்சமுள்ள வரி கட்டும் நிலம் மட்டும் தனியே காட்டப்படுகிறது. ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு இறங்குகிறது என்று கல்வெட்டு அறிஞர்கள் வியந்திருக்கிறார்கள். கோலால் அளந்து கண்ட பரப்பாக அது இருக்க முடியாது, பின்னக் கணக்கின் திறமை என்றே கொள்ள வேண்டும். முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மறுபடியும் அளந்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ‘டூம்ஸ்டே’ கணக்கு எடுத்ததும் அதே ஆண்டுதான்.

அந்தக் கல்வெட்டுகளில் ‘தரம்’ என்ற சொல்லே வருகிறது. தரம் பெற்ற நிலங்கள் உண்டு, தரம் வகுக்கப்படாத ‘தரமிலி’ நிலங்களும் உண்டு. ஆக, இன்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் தாளில் இருக்கும் சொல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தரம் என்பது மண்ணைப் பற்றிய ஆராய்ச்சியாகப் பிறந்ததல்ல, எவ்வளவு வரி வாங்கலாம் என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்தது.

வெள்ளையர் காலத்திலும் அதே நோக்கம்தான். 1792-இல் பாரமகால் சீமை கம்பெனியார் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதித்ததில் ரயத்துவாரி முறை உருவானது. ஆனால் நம் பதிவேட்டில் இருக்கும் எண்கள் அதற்குப் பிந்தியவை. 1850-களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் சர்வேயும் செட்டில்மென்டும் முறையாகத் தொடங்கி, அந்த நூற்றாண்டு முடியும் வரை மாவட்டம் மாவட்டமாக நடந்தன. ஜமீன் கிராமங்களுக்கு இது 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே வந்தது.

செட்டில்மென்ட் அதிகாரிகள் செய்தது என்ன? முதலில் மண்ணின் இனம். வண்டலா, கரிசலா, செவ்வலா, கடற்கரை மணலா என்பது ஒன்று. அதற்குள்ளே களி மிகுந்ததா, களியும் மணலும் கலந்ததா, மணல் மிகுந்ததா என்பது இரண்டு. இவை சேர்ந்து ‘வயனம்’. ஒரே வயனத்துக்குள் நல்லது, நடுத்தரம், மட்டம் என்று வரிசைப்படுத்தியது ‘ரகம்’. பிறகு அறுவடைச் சோதனை நடத்தி, இன்ன மண்ணில் ஏக்கருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு சோளம் என்று ஒரு சராசரி வைத்தார்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளுக்காக ஒரு பகுதியைத் தள்ளினார்கள். இருபது ஆண்டு விலையைச் சராசரி எடுத்துப் பணமாக்கினார்கள். சாகுபடிச் செலவு போக நிகரத்தில் பாதி சர்க்காருக்கு.

இதோடு முடியவில்லை. நன்செய் என்றால் பாசன ஆதாரம் எவ்வளவு நம்பகமானது, புன்செய் என்றால் சந்தையும் சாலையும் எவ்வளவு பக்கம் என்று பார்த்துக் கிராமங்களைத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். இந்த எல்லாவற்றையும் உருட்டித் திரட்டிய கடைசிப் படிதான் ‘தரம்’. ஒரே மாதிரி மண் உள்ள இரண்டு வயல்கள், ஒன்று காவிரித் தலைவாய்க்காலிலும் மற்றொன்று கடைமடையிலும் இருந்தால், இரண்டுக்கும் வெவ்வேறு தரம் விழுந்திருக்கலாம். அந்தக் கட்டத்துக்கு மேலே ‘மண் தரம்’ என்று எழுதியிருந்தாலும் அது பாதி மண், பாதி தண்ணீரும் சந்தையும்.

முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறு செட்டில்மென்ட் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. செய்யவும் செய்தார்கள். ஆனால் அப்போது பெரும்பாலும் விலைவாசி ஏறியதற்கு ஏற்பத் தீர்வையை உயர்த்தினார்களே தவிர, மண்ணை மறுபடி கையில் எடுத்துப் பார்க்கவில்லை. 1937-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் மறு செட்டில்மென்ட் வழக்கமே கைவிடப்பட்டது. உழவனுக்கு அது பெரிய நிம்மதி. மண்ணின் கணக்கைப் பொறுத்தவரை, வயலுக்கு வயல் போய்ப் பார்க்கும் ஒரே ஏற்பாடும் அத்தோடு நின்றது. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் உடைமையாளர் பெயர்கள் திருத்தப்பட்டன, ஏக்கர் ஹெக்டேராயிற்று. மண் கட்டங்கள் பழையபடியே நகலாகி, பின்பு கம்ப்யூட்டருக்கும் ஏறின. சித்தப்பா சொல்வதற்கும் பதிவேட்டுக்கும் ஏன் பொருந்தவில்லை என்பதற்குப் பாதி விடை இதுதான். அந்த எண் பொய் சொல்லவில்லை, அது அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

மண் அலுத்துப் போகிறதா என்ற கேள்வியை வரிக்காக அல்லாமல் மண்ணுக்காகவே கேட்டவர்கள் 1890-களில் வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியலார் நாடு முழுதும் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை தந்தார். இந்திய உழவனுக்கு விவசாயம் தெரியாது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் எண்ணெய் வித்துகளும் எலும்புகளும் கப்பலேறுவதையும், வயலுக்குப் போக வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போவதையும் சுட்டிக்காட்டினார். அவருக்குப் பின் லெதர் என்பவர் 1898-இல் இந்திய மண்ணைக் கங்கைச் சமவெளி வண்டல், கரிசல், செம்மண், செம்பொறை என நான்கு பெரும் பிரிவாக வகுத்தார். நம் பள்ளிக்கூட பூகோளப் புத்தகத்துப் படத்துக்கு மூலம் அதுதான். படம் அழகாக இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலம் அதில் இல்லை.

காலத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஒரே வயலில் ஒரே மாதிரி ஆண்டுக்கணக்காகப் பயிரிட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் என்ற ஊரில் லாஸும் கில்பர்ட்டும் 1843-இல் இதை ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் கான்பூரில் 1885-லும் பீகாரிலுள்ள பூசாவில் 1908-லும் கோயம்புத்தூரில் 1909-லும் தொடங்கினார்கள். (தில்லிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பூசா சாலைக்கும் பூசா இன்ஸ்டிட்யூட்டுக்கும் பெயர் தந்தது அந்தப் பீகார் ஊர்தான். 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்துபோக, 1936-இல் நிறுவனம் தில்லிக்கு மாறியபோது பெயரையும் கூடவே எடுத்துவந்துவிட்டார்கள்.) இவற்றில் கோவைச் சோதனை நூற்றாண்டைக் கடந்தது. வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு இடம்பெயர்ந்த கையோடு, மானாவாரிச் செம்மண்ணில் போடப்பட்ட பாத்திகள் அவை. இறவைப் பாசனத்துக்கென்று 1925-இல் இன்னொரு தொகுதி சேர்ந்தது.

அந்தப் பாத்திகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். சிலவற்றுக்கு இரண்டு சத்துகள். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும். ஒன்றுக்கு வெறும் தொழு உரம். உலகப் போர்கள் வந்து போயின, நாடு சுதந்திரம் அடைந்தது, கோவை மாநகரமாகி வளர்ந்தது. அந்தந்தப் பாத்திக்கு அதே சாப்பாடுதான். விளைவு என்ன? மூன்று சத்தும் பெற்ற பாத்தியும் தொழு உரம் பெற்ற பாத்தியும் சளைக்காமல் விளைகின்றன. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்தி, மணிச்சத்து வற்றிப்போய், ஒன்றுமே பெறாத பாத்திக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றும் பெறாத பாத்தியோ அடியோடு பாழாகவில்லை. மிகத் தாழ்ந்த ஒரு மட்டத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. “அலுத்துப் போச்சு” என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! சாகவில்லை, அலுத்திருக்கிறது.

பசுமைப் புரட்சி தொடங்கிய நேரத்திலேயே இந்த அச்சம் பேசப்பட்டது. பூசாவின் இயக்குநராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன், 1968 ஜனவரியில் வாராணசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் கடைசியில் பாலைவனம்தான் மிஞ்சும் என்ற பொருளில் எச்சரித்தார். புதிய கோதுமை அமோகமாக விளைந்துகொண்டிருந்த சமயத்தில், அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரே சொன்னது இது. 1970-களின் தொடக்கத்தில் லூதியானா, ராஞ்சி, பெங்களூர், ஜபல்பூர் என்று பல இடங்களில் கோவை மாதிரியே நீண்டகால உரச் சோதனைகள் அகில இந்தியத் திட்டமாக அமைந்தன. ராஞ்சியின் புளித்த செம்மண்ணில் தழைச்சத்து உரம் மட்டும் போட்ட பாத்தி, உரமே போடாத பாத்தியைவிட மோசமாயிற்று. சுண்ணாம்பு இட்டால் மீண்டது. லூதியானாவின் மண்ணுக்கு அந்தக் கதை கிடையாது. ஒரே பழக்கம், இரண்டு மண், இரண்டு முடிவு.

இங்கேதான் வரைபடம் தேவைப்படுகிறது. சோதனைப் பாத்தி ஓரிடத்தின் காலத்தைச் சொல்லும், அடுத்த ஊரைப் பற்றிச் சொல்லாது. 1950-களின் மத்தியில் மண் பரிசோதனைக் கூடங்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் சேர்ந்த முடிவுகளை வைத்து ராமமூர்த்தியும் பஜாஜும் 1969-இல் தழை, மணி, சாம்பல் சத்துகள் எந்தெந்த மாவட்டத்தில் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று நாட்டுக்கே வரைபடம் தந்தார்கள். பிறகு 2002-இல் மோட்சரா இன்னொரு கணக்கு வெளியிட்டார். 36 லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். தழைச்சத்து குறைவு 63 சதவீதம், மணிச்சத்து குறைவு 42 சதவீதம், சாம்பல்சத்தோ உயர்வு 50 சதவீதம்.

சாம்பல்சத்து விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1969-ஐ விட 2002-இல் ‘உயர்வு’ பங்கு அதிகம். அப்படியானால் மண்ணில் சாம்பல்சத்து கூடிவிட்டதா? இந்திய உழவர் பொதுவாக யூரியா போடும் அளவுக்குப் பொட்டாஷ் போடுவதில்லை. வைக்கோலோடு வெளியே போவதோ ஏராளம். எடுப்பது கொடுப்பதைவிட அதிகமாக இருக்கும்போது இருப்பு எப்படிக் கூடும்? காரணம் மண்ணில் இல்லை, மாதிரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1969-இல் மண் கொண்டுவந்து கொடுத்த உழவர்களும் 1990-களில் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. வயலும் ஒன்றல்ல. இரண்டு வெவ்வேறு கல்யாணக் கூட்டத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, குடும்பம் குண்டாகிவிட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

எதிர்த் திசையிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. பஞ்சாப் மண் செத்துவிட்டது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். பென்பி, பிரார் என்ற இருவர் பஞ்சாபின் மண் பரிசோதனைப் பதிவுகளை 25 ஆண்டுக்குத் தொகுத்து 2009-இல் வெளியிட்டார்கள். 1981-82-இல் ஒரு கிலோ மண்ணில் 2.9 கிராமாக இருந்த அங்ககக் கரிமம் 2005-06-இல் 4.0 கிராமாகக் கூடியிருந்தது. நெல்லும் கோதுமையும் அடர்த்தியாக விளைந்து, வேரும் தாளும் மண்ணில் சேர்ந்ததன் பலன். பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியது வேறு கதை, அது உண்மை. ஆனால் தண்ணீரின் நோயை மண்ணின் தலையில் எழுதக்கூடாது. எந்த இடத்தில் எது குறைந்தது என்று தனித்தனியே பார்க்காமல் பொதுவாகப் புலம்புவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

மேலே ஏறிப் பார்த்தால் தெரியுமே என்று செயற்கைக்கோள் வந்தது. 1972-இல் அமெரிக்காவின் லாண்ட்சாட், 1988 மார்ச்சில் நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ. பயிரின் இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை வைத்துப் பசுமை எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டுவிடலாம். கோளுக்கு அலுப்பில்லை. அதே இடத்தை மறுபடி மறுபடி பார்க்கும். சோழன் கோலுக்கும் செட்டில்மென்ட் அதிகாரிக்கும் வாய்க்காத வசதி அது. ஆமதாபாத்திலுள்ள இஸ்ரோ மையம் ஒரே முறையில் மூன்று தடவை நாட்டைக் கணக்கெடுத்தது. சீரழிந்த நிலம் 2003-05-இல் 9.45 கோடி ஹெக்டேர், 2011-13-இல் 9.64 கோடி, 2018-19-இல் 9.78 கோடி. அளவுகோல் மாறாததால் இந்த வரிசையை அருகருகே வைத்துப் படிக்கலாம்.

ஆனால் கோளுக்கும் ஒரு கண் குறை உண்டு. 2000-க்குப் பிந்திய படங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகத்தில் பசுமை கூடிய நாடுகளில் சீனாவும் இந்தியாவும் முன்னணி என்றது. இந்தியாவில் கூடிய பசுமையில் 82 சதவீதம் பயிர் நிலத்தில். பத்திரிகைகள் கொண்டாடின. கொஞ்சம் யோசித்தால், அந்தப் பசுமை ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரும் உர மூட்டையும் சேர்ந்து போட்ட வண்ணம். மண் இளைத்துக்கொண்டே இருக்க, மேலே பயிர் பச்சையாகவே தெரியலாம். கோள் இலையைப் பார்க்கிறது, மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே கடைசியில் மண்ணைத் தோண்டத்தான் வேண்டியிருக்கிறது. 1976-இல் நாகபுரியில் அமைந்த தேசிய மண் ஆய்வுப் பணியகம் பத்து கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று நாடெங்கும் மண் எடுத்து 1:2,50,000 அளவில் மாநிலப் படங்கள் போட்டது. பத்து கிலோமீட்டர் இடைவெளியில் நம் சித்தப்பாவின் வயல் எங்கே அகப்படும்? 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு. முதல் சுற்றிலேயே பத்து கோடிக்கு மேல் அட்டைகள். ஒரு மாதிரி பல பேர் வயலுக்குப் பொதுவாகிவிடுகிறது என்ற குறை நியாயமானதே. என்றாலும் இடம் குறித்துவைத்த மாதிரி என்பது பெரிய மாற்றம். பத்து வருஷம் கழித்து அதே புள்ளியில் மறுபடி மண் எடுக்க வழி பிறந்திருக்கிறது.

கர்நாடகத்தில் ‘சுஜலா’ திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இன்னும் ஒருபடி போனார்கள். கிராம சர்வே படத்தையே அடிப்படையாக வைத்து, 1:7920 அளவில், புல எண் புல எண்ணாக மண்ணின் ஆழம், சரிவு, சரளை, சத்து எல்லாவற்றையும் எழுதினார்கள். வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து வரைந்த அதே வயல் வரம்புக்குள் புதிதாக மண் பார்க்கப்பட்டிருக்கிறது, இந்தத் தடவை தீர்வைக்காக இல்லாமல். அங்கே ஒரு புல எண்ணைச் சொன்னால் பழைய வகைப்பாட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இயலும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நம் அளவில் இதைச் செய்யலாம். வரப்பு, மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, ‘வி’ எழுத்துப் போல அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். சீட்டில் பெயர், புல எண்ணோடு, எந்த மாதம், எந்தப் பயிர் அறுத்த பிறகு எடுத்தது, கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டின் நகலை ‘ஏ’ பதிவேட்டு நகலோடு சேர்த்தே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கிறவர் உங்கள் பிள்ளையாக இருந்தாலும் அதே இடத்தில், அதே மாதத்தில் எடுக்க வேண்டும்.